சிற்றுருவும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உடல்நலம் பேணுமாறு கூறும் அறிவுரையாகவே அது பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. ஆயினும் அதன் நேர்ப்பொருளையே கொண்டு, சுவருக்கும் முன்னதாகச் சித்திரத்துக்கு வேண்டுவது ஏதேனும் உண்டோ என்று வினவினால், மேலைநாட்டு ஓவியர் சிலரின் பணிக்கூடங்களிலிருந்து வியப்பானதொரு விடை கிடைக்கிறது. அவர்கள் தூரிகையைத் தொடுமுன் களிமண்ணைத் தொட்டார்கள். வண்ணம் குழைக்குமுன் மெழுகு பிசைந்தார்கள். தாம் தீட்டப்போகும் மனிதரையும் விலங்கையும் மலையையும் மாளிகையையும் மேசைமீது நிற்கும் அளவிற் சிறிதாகச் செய்து வைத்து, அதன்மீது ஒளியைப் பாய்ச்சி, கண்ணாரக் கண்டு, அதன் பிறகே சித்திரம் எழுதினார்கள். அளவு விகிதம் தவறாமல் இவ்வாறு செய்யப்படும் வடிவத்தைச் சிற்றுரு என்று இக்கட்டுரை குறிக்கிறது.

கண்முன் இருப்பதைத் தீட்டுபவனுக்குச் சிற்றுரு தேவையில்லை. மரம் அங்கே நிற்கிறது. நிழல் அங்கே விழுகிறது. பார்த்து எழுதினால் போதும். ஆனால் நூலுக்கும் கதைக்கும் அரும்பொருளகச் சுவருக்கும் சித்திரம் எழுதுபவனின் நிலை வேறு. வானிலிருந்து தலைகீழாக இறங்கிவரும் அருளாளரை அவன் தீட்ட வேண்டும். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட விலங்கைத் தீட்ட வேண்டும். எவரும் இன்னும் சென்றிராத உலகைத் தீட்ட வேண்டும். காணாததைக் கண்டதுபோல் காட்டுவதே அவனது தொழில். அத்தொழிலில் சிற்றுரு எந்த அளவுக்கு உண்மைக்குத் துணை நிற்கிறது, எந்த இடத்தில் பொய்க்குத் துணை போகிறது என்பதே ஆராயத்தக்கது.

மெழுகும் விளக்கும்

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் வாழ்ந்த தின்தொரெத்தோ இதில் வல்லவராக விளங்கினார். மெழுகாலும் களிமண்ணாலும் சிறு மனித உருவங்களைச் செய்து, அவற்றுக்குத் துணித்துண்டுகளை உடுத்தி, பலகையாலும் அட்டையாலும் கட்டிய சிறு வீடுகளுக்குள் நிறுத்தி, அவ்வீடுகளின் சன்னல்களில் சிறு விளக்குகளை வைத்து, ஒளியும் நிழலும் எவ்வாறு அமைகின்றன என்று அவர் நோக்கினார் என அவரது வரலாற்றை எழுதிய ரிதோல்ஃபி பதிவு செய்திருக்கிறார். சில உருவங்களைக் கூரைக்கட்டையிலிருந்து நூலில் தொங்கவிட்டுக் கீழிருந்து பார்த்தார் என்றும் அக்குறிப்புக் கூறுகிறது. 1548இல் அவர் தீட்டிய, அடிமையைக் காக்கும் அற்புதத்தைக் காட்டும் ஓவியத்தில் புனித மாற்கு வானிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து வருகிறார். முகம் நிழலில் ஆழ்ந்திருக்கிறது. உடல் குறுகித் தோன்றுகிறது. உயிருள்ள மனிதர் எவரும் அந்நிலையில் அந்தரத்தில் நின்று காட்ட இயலாது. நூலில் தொங்கும் மெழுகு உருவத்துக்கு அது எளிது.

இதே வழக்கம் ஸ்பெயின் நாட்டில் எல் கிரெக்கோவிடமும் இருந்தது. 1611இல் அவரது பணிக்கூடத்துக்குச் சென்ற பச்சேக்கோ என்ற ஓவியர், அங்கே களிமண் உருவங்கள் சேர்த்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதினார். அடுத்து வந்த பிரெஞ்சு ஓவியர் பூசேன் இதனை ஒரு முழு அரங்காகவே வளர்த்தார். பெட்டியொன்றினுள் மெழுகு உருவங்களை நிறுத்தி, மெல்லிய ஈரத்துணியால் அவற்றுக்கு ஆடை அணிவித்து, பெட்டியின் பக்கங்களில் துளையிட்டு வேண்டிய திசையிலிருந்து ஒளியை விட்டு, மற்றொரு துளையின் வழியே காட்சியைப் பார்த்தார். அவரது ஓவியங்களில் மாந்தர் நிற்கும் இடைவெளிகள் அளந்து வைத்தாற்போல் தெளிவாக இருப்பதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம். அம்மாந்தர் சில வேளைகளில் உயிர்த்துடிப்புக் குன்றிச் சிலைபோல் தோன்றுவதற்கும் அதே பெட்டியே காரணம் எனலாம். நன்மையும் தீமையும் ஒரே ஊற்றிலிருந்து புறப்படுவதை இங்கேயே காண முடிகிறது.

ரெனால்ட்ஸின் ஐயம்

இத்தீமையை முதன்முதலாகத் தெளிவாக எடுத்துப் பேசியவர்களுள் ஒருவர் ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸ். 1788இல் கெயின்ஸ்பரோ மறைந்தபின், லண்டன் அரச கலைக்கழகத்தில் அவரைக் குறித்து ரெனால்ட்ஸ் ஆற்றிய உரை புகழ்பெற்றது. நிலக்காட்சி தீட்டுவதற்காகக் கெயின்ஸ்பரோ தம் மேசைமீதே ஒரு நிலத்தைப் படைத்துக்கொண்டார் என்று அவ்வுரை தெரிவிக்கிறது. உடைந்த கற்கள் அங்கே பாறைகளாயின. உலர்ந்த செடிகள் மரங்களாயின. கண்ணாடித் துண்டுகள் நீர்நிலைகளாயின.

இதனைப் பாராட்டுவதா பழிப்பதா என்பதில் ரெனால்ட்ஸ் தயங்கினார். இம்முறையின் பயன் அதனைக் கையாளுபவரின் திறமையைப் பொறுத்தது என்றார். இயற்கையை இடைவிடாது நோக்காதவனுக்கு இதனால் நன்மையைவிடத் தீமையே மிகுதியாக விளையும் என்று எச்சரித்தார். எச்சரிக்கையில் நியாயம் உண்டு. கல்லைப் பாறையாக எண்ணிப் பழகிய கண், பின்னர் பாறையையும் கல்லாகவே காணத் தொடங்கலாம். மேசைமீதுள்ள குன்றுக்கும் காண்போர்க்கும் இடையே ஒரு முழத்துக் காற்றுத்தான் இருக்கிறது. உண்மையான குன்றுக்கும் காண்போர்க்கும் இடையே பல கல் தொலைவுக் காற்று நிற்கிறது; அக்காற்றே தொலைமலைக்கு நீலத்தைத் தருகிறது. மேசைக் குன்றில் அந்நீலம் தோன்றாது. அதனை ஓவியன் இயற்கையிடம் கற்று வந்து சேர்க்க வேண்டும்.

ஆகவே ரெனால்ட்ஸ் எழுப்பிய வினா இதுதான்: சிற்றுரு இயற்கையைக் காண உதவும் கண்ணாடியா, இயற்கையை மறைக்கும் திரையா? இவ்வினாவுக்குரிய முழுமையான சோதனைக்களம் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் அமைந்தது. அங்கே ஓர் ஓவியர், மனிதக் கண் எதுவும் கண்டிராத உயிர்களைத் தீட்ட முற்பட்டார்.

நைட்டின் முற்றம்

சார்ல்ஸ் நைட் 1874இல் புரூக்ளினில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வைக் குறை உடையவர். ஆறு வயதில் விளையாட்டுத் தோழன் எறிந்த சிறுகல் வலக்கண்ணிலும் பட்டுப் பார்வையை மேலும் கெடுத்தது. சட்டத்தின் அளவுகோலில் பார்வையற்றவராகக் கருதத்தக்க நிலையில் இருந்த ஒருவர், சித்திரத்தின் மிக அருகில் முகத்தை வைத்துத் தீட்டியே உலகுக்கு டைனோசர்களைக் காட்டினார் என்பது கலை வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

விலங்குக் காட்சிச்சாலைகளில் உயிருள்ள விலங்குகளை வரைந்து பழகிய நைட், நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் தொடர்பைப் பெற்றார். அங்கே 1894இல் அழிந்துபோன பாலூட்டி ஒன்றை உயிர்ப்பித்துத் தீட்டுமாறு கேட்கப்பட்டார். அதுமுதல் அவரது வாழ்வுப்பணி உறுதியாயிற்று. அரும்பொருளகத்தில் ஆஸ்போர்ன் போன்ற தொல்லுயிரியல் அறிஞர்கள் அவருக்கு வழிகாட்டினர். 1926இல் தொடங்கிய சிக்காகோ ஃபீல்டு அரும்பொருளகப் பணியில் உருவான 28 பெருஞ்சித்திரங்கள் அவரது உழைப்பின் உச்சம். கொம்புகளை நீட்டி நிற்கும் டிரைசெராடாப்சும் அதனை நெருங்கும் டைரனோசாரஸும் எதிரெதிரே நிற்கும் காட்சி அவற்றுள் உலகறிந்தது. போர் இன்னும் தொடங்கவில்லை. தொடங்குவதற்கு முந்திய அந்த அமைதியே காண்போரை நிறுத்திவிடுகிறது.

அவரது முறை பொறுமையை வேண்டுவது. முதலில் எலும்புக்கூட்டை ஆராய்வார். எலும்பின்மீது தசை எங்கே பற்றியிருக்கும், எவ்வளவு பருத்திருக்கும் என்பதை உயிருள்ள விலங்குகளோடு ஒப்பிட்டு முடிவு செய்வார். பிறகு களிமண்ணில் சிற்றுருவைச் செய்வார். அதனைத் திறந்த வெளிக்குக் கொண்டுசென்று வெயிலில் வைத்து, நிழல் உடலின்மீதும் தரையின்மீதும் எவ்வாறு விழுகிறது என்று பார்ப்பார். இவ்வளவும் முடிந்தபின்னரே வண்ணம்.

வெயிலுக்குக் கொண்டுசென்றார் என்பதில் கூர்ந்த அறிவு அடங்கியிருக்கிறது. விளக்கு அருகில் இருப்பது. அதன் கதிர்கள் விரிந்து செல்வன. ஆகையால் அது எறியும் நிழலும் விரிந்து பரவும். மேலும், விளக்குக்கு அண்மையிலுள்ள பகுதி மிகுதியாக ஒளிர்ந்து, சற்றுத் தள்ளியுள்ள பகுதி சட்டென்று மங்கிவிடும். அந்த ஒளியில் எந்தப் பெரிய விலங்கும் பொம்மையாகத் தோன்றிவிடும். கதிரவனோ அளவிறந்த தொலைவில் இருப்பவன். அவன் கதிர்கள் இணையாகவே வருகின்றன. பத்து மீட்டர் நீள விலங்காயினும் அதன் பத்தில் ஒரு பங்கான ஒரு மீட்டர் சிற்றுருவாயினும், நிழலின் வடிவம் ஒன்றே. நிழல் விளிம்பின் மென்மையும் அதே விகிதத்திற் சிறுக்கும். எனவே வெயிலில் நிற்கும் களிமண் விலங்கு, ஒளியைப் பொறுத்தமட்டில், பொய் சொல்லுவதில்லை.

பார்க்கும் உயரமும் அவ்வாறே விகிதத்துக்கு உட்பட்டது. மனிதனின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், ஐம்பதில் ஒரு பங்குச் சிற்றுருவை நோக்கும் கண் மேசையிலிருந்து 3.2 செண்டிமீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றபடியே பார்த்தால் கிடைப்பது பறவை காணும் காட்சி. விலங்கின் பருமை மறைந்து அற்பமாகிவிடும். தலை தாழ்த்தியவனுக்குத்தான் அதன் பெருமை புலப்படும்.

ஆனால் எல்லாப் பொருளும் இவ்வாறு விகிதத்துக்குப் பணிவதில்லை. துணி பணியாது, சிறு உருவத்துக்கு உடுத்திய துணி விறைத்து நின்று பெருமடிப்புகளாக விழும். பூசேன் மெல்லிய துணியை நனைத்துப் பயன்படுத்தியதன் காரணம் இதுவே. நீரும் பணியாது, மேசைமீது தெளித்த துளி கடலலையின் திவலையாக ஒருபோதும் தோன்றாது. ஆகவே சிற்றுரு எதில் நம்பத்தக்கது, எதில் நம்பத்தகாதது என்று பகுத்தறிவதே ஓவியனின் முதற்கடமை.

ஒளி உண்மை, பொருள்?

ஒளியில் இத்துணை நேர்மை காட்டிய நைட்டின் சித்திரங்கள் பொருளிலும் உண்மையானவையா என்பது அடுத்த வினா. 1897இல் அவர் தீட்டிய இரு சித்திரங்கள் இதற்கு விடை தருகின்றன. ஒன்று, பாய்ந்து போரிடும் இரு லேலாப்சுகளைக் காட்டுவது. ஒன்று மல்லாந்து கிடக்க, மற்றொன்று அந்தரத்தில் பாய்கிறது. அவ்வாண்டில் மறைந்த அறிஞர் கோப்புடன் அதற்குச் சில வாரங்களுக்கு முன் நைட் உரையாடிப் பெற்ற கருத்துகள் அதில் உள்ளன. மற்றொன்று, பிரான்டோசாரஸ் நீரில் உடலை அமிழ்த்தி நிற்பதைக் காட்டுவது. அத்துணைப் பெரிய உடலைத் தரைமீது கால்கள் தாங்கமாட்டா என்று அக்கால அறிஞர் பலர் எண்ணினர்.

பிற்கால ஆய்வு முதற்சித்திரத்தை வாழ்த்தியது, இரண்டாவதை மறுத்தது. 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் டெய்னோனிக்கஸ் என்ற விலங்கைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, விரைந்து இயங்கும் டைனோசர்கள் பற்றிய கருத்து வலுப்பெற்றது. நெடுங்கழுத்து விலங்குகள் தரையில் நடந்தவை என்பதும் நிலைநாட்டப்பட்டது. இரு சித்திரங்களையும் தீட்டிய கை ஒன்றே, கண் ஒன்றே, ஆண்டும் ஒன்றே. வேறுபட்டது அவற்றுக்கு அடிப்படையான அறிவு மட்டுமே.

இத்தகைய பிழை நைட்டுக்கு மட்டும் உரியதன்று. 1854இல் லண்டன் படிகமாளிகைப் பூங்காவில் ஹாக்கின்ஸ் அமைத்த இகுவனோடான் உருவங்களின் மூக்கில் ஒரு கொம்பு இருக்கிறது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் அவ்விலங்கின் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகு, அந்தக் கொம்பு உண்மையில் கைப்பெருவிரல் முள் என்பது தெளிவாயிற்று. நியூயார்க் அரும்பொருளகத்தில் 1915இல் நிமிர்ந்து நிற்கும் கோலத்தில் அமைக்கப்பட்ட டைரனோசாரஸ் எலும்புக்கூடு, முதுகு தரைக்கு இணையாகவும் வால் அந்தரத்திலும் இருக்குமாறு 1990களில் மாற்றி அமைக்கப்பட்டது. எலும்பு உண்மையானது, நிறுத்திய முறை பிழையானது. உண்மையான எலும்பை நிறுத்துவதிலேயே பிழை நேருமானால், களிமண்ணில் நேராதிருக்குமோ?

இங்கேதான் சிற்றுருவின் அபாயம் வெளிப்படுகிறது. பிழையான உருவத்தை ஒருவன் அரைகுறையாகத் தீட்டினால், காண்போர் ஐயுறுவர். அதே பிழையைக் களிமண்ணில் திரட்டி, வெயிலில் வைத்து, நிழல் பிறழாமல் தீட்டினால், அது கண்ணாற் கண்ட சாட்சியாகிவிடும். அரும்பொருளகத்தின் சுவர் அதற்கு மேலும் ஒரு முத்திரையை இடுகிறது. நைட்டின் படைப்புகளை அடியொற்றியே 1925இல் வெளிவந்த ‘லாஸ்ட் வோர்ல்டு’, 1933இல் வெளிவந்த ‘கிங் காங்’ ஆகிய திரைப்படங்களுக்கு மார்செல் டெல்காடோ அசையும் உருவங்களைச் செய்தார். களிமண்ணிலிருந்து சித்திரத்துக்குச் சென்ற விலங்கு, சித்திரத்திலிருந்து மீண்டும் உருவமாகித் திரையில் நடந்தது. அவ்வாறு நடந்தபோது, மெய்யோடு பிழையும் சேர்ந்தே நடந்தது. ஒளியின் உண்மை பொருளின் பொய்க்குப் பிணை நின்றது.

கதையும் அரும்பொருளகமும்

இதனால் சிற்றுருவைத் தள்ளிவிடலாமா என்றால், கூடாது. அபாயத்துக்கான மருந்தும் சிற்றுருவிலேயே இருக்கிறது. அதனை எடுத்துக்காட்டுபவர் பெல்ஜியச் சித்திரக்கதை ஆசிரியர் எர்ஜே. டின்டின் நிலவுக்குச் செல்லும் கதை 1950 முதல் இதழில் தொடராக வெளிவந்து, 1953, 1954ஆம் ஆண்டுகளில் இரு நூல்களாயிற்று. அதற்காக எர்ஜே, செந்நிறமும் வெண்ணிறமும் கட்டம் கட்டமாக அமைந்த ராக்கெட்டின் உட்பகுதிகளைப் பிரித்துப் பார்க்கத்தக்க சிற்றுருவைச் செய்வித்தார். கதைமாந்தர் எந்தத் தளத்தில் நிற்கின்றனர், ஏணி எப்பக்கம், கதவு எப்பக்கம் என்பதில் அவரும் உதவியாளரும் குழம்பாதிருப்பதற்கு அது பயன்பட்டது. அதனை அவர் பாரீசுக்குக் கொண்டுசென்று, விண்பயணவியல் அறிஞர் அனனோஃபிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்.

அச்செயலே இங்குப் போற்றத்தக்கது. மனத்திலுள்ள எண்ணத்தை மற்றொருவர் திருத்த முடியாது. அது அவர் கண்ணுக்குத் தெரியாது. முடிந்துவிட்ட சித்திரத்தைத் திருத்துவதும் அரிது. இரண்டுக்கும் இடையே மேசைமீது நிற்கும் சிற்றுருவையோ எவரும் சுற்றிவந்து பார்க்கலாம். இந்தச் சன்னல் இங்கே பொருந்தாது என்று சுட்டலாம். அறிவுடையோர் சுட்டியதைக் கைவிரலாலேயே மாற்றலாம். கற்பனையைப் பிறர் கேள்வி கேட்பதற்கு இடம் தரும் வடிவம் அது. நைட்டின் களிமண் விலங்குகளும் அரும்பொருளக அறிஞரின் துணையோடு உருவானவையே. அவர்களது அறிவு சென்ற எல்லைவரை அவை சரியாக இருந்தன. அந்த அறிவு தவறிய இடத்தில் அவையும் தவறின.

எர்ஜேயின் ராக்கெட்டும் வருங்காலத்தைச் சரியாகக் கணிக்கவில்லை. 1969இல் மனிதரை நிலவில் இறக்கிய கலம் முற்றிலும் வேறு வடிவினது. எனினும் அந்தக் கதையை எவரும் பொய் என்று ஒதுக்குவதில்லை. கதை தன் உலகத்துக்குள் முரண்படாதிருந்தாற் போதும். அந்த ஒருமையைச் சிற்றுரு காத்துத் தந்தது. அரும்பொருளகச் சுவரோ வெளியுலகத்துக்கு விடை கூறக் கடமைப்பட்டது. ஒரே கருவி இரண்டு இடங்களில் இரண்டு விதமான பொறுப்பைச் சுமக்கிறது. இவ்வேறுபாட்டை உணராமல் சிற்றுருவை ஒரேயடியாகப் புகழ்வதும் ஒரேயடியாக இகழ்வதும் திறனாய்வாகா.

இவ்விரு பொறுப்புகளையும் ஒருங்கே ஏற்க முயன்றவர் ஜேம்ஸ் கர்னி. 1992இல் வெளிவந்த அவரது ‘டைனோட்டோபியா’, மனிதரும் டைனோசர்களும் கூடி வாழும் கற்பனைத் தீவைச் சித்திரங்களால் விவரிப்பது. நகரங்களுக்கும் விலங்குகளுக்கும் சிற்றுருக்களைச் செய்து, ஒளியில் வைத்து நோக்கித் தீட்டும் முறையை அவர் 2009இல் வெளியிட்ட நூலில் பிறருக்கும் கற்பித்தார். தீவு கற்பனை, ஆயினும் விலங்குகளின் நடையும் நிலையும் புதிய ஆய்வுகளைத் தழுவியவை. கற்பனைக்கு உரிமையும் அறிவுக்கு மதிப்பும் ஒரே ஏட்டில் இணைய முடியும் என்பதற்கு அந்நூல் சான்று.

முடிவுரை

ரெனால்ட்ஸின் வினாவுக்கு இனி விடை கூறலாம். சிற்றுரு கண்ணாடியுமன்று, திரையுமன்று. அது ஒரு வினா. “இந்த உருவம் இவ்வாறு இருந்திருக்குமாயின், ஒளி அதன்மீது எவ்வாறு விழும்?” என்பதே அவ்வினா. அதன் பிற்பாதிக்குக் கதிரவன் பிழையின்றி விடை தருகிறான். முற்பாதிக்கு, ‘இருந்திருக்குமாயின்’ என்ற அந்தச் சொல்லுக்கு, அவனால் விடை தர இயலாது. அதற்கு எலும்பும் ஆய்வும் இயற்கையை இடையறாது நோக்கும் கண்ணுமே விடை தர வேண்டும். விடை மாறும்போது களிமண்ணை மீண்டும் பிசையும் துணிவும் வேண்டும்.

பார்வை மங்கிய ஒருவர் வெயிலில் ஒரு களிமண் விலங்கை வைத்து அதன் நிழலை உற்று நோக்கும் காட்சி எண்ணி மகிழத்தக்கது. அவர் கண்ட விலங்கு சில இடங்களில் பிழையாயிற்று. அவர் நோக்கிய நோக்குப் பிழையாகவில்லை. தாம் எண்ணியதை எண்ணியவாறே நம்பிவிடாமல், கையால் செய்து, வெயிலில் வைத்து, மற்றவர் காணத் தந்த நேர்மை அது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். அச்சித்திரம் சுவர் உள்ளளவும் மதிக்கப்பட வேண்டுமானால், அதற்கு முன் சிறிது களிமண்ணும், அதனைத் திருத்த முன்வரும் கையும் இருக்க வேண்டும்.